அறிவுரை நிறைய இருக்கிறது, ஒத்திகை பார்க்கத்தான் இடமில்லை

பெரம்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் ஒரு குழந்தை தரையில் புரண்டு அழுதால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். ஒருவர் "பசிக்குதோ என்னவோ" என்பார், இன்னொருவர் "முதுகுல ரெண்டு வை, சரியாயிடும்" என்பார், மேல்வீட்டுப் பாட்டி சுற்றிப் போடச் சொல்வார், எதிர்வீட்டுத் தம்பி தன் செல்போனை நீட்டுவான். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். என் மகளுக்கு நாலு வயதானபோது, அடிப்பதும் கடிப்பதும் கையில் கிடைத்ததை எறிவதுமாக ஆறேழு மாதம் வீடே ஆடிப்போயிருந்த காலத்தில், இந்த நான்கையும் நாங்கள் செய்து பார்த்தோம். எல்கேஜி ஆரம்பித்த மூன்றாவது வாரம் பள்ளியில் கூப்பிட்டு, "இப்படியே போனா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் ஒரு குழந்தைகள் மருத்துவர், பெற்றோருக்கென்று ஒரு குழுப் பயிற்சி நடக்கிறது, சேருங்கள் என்றார். அடம் பிடிப்பது பிள்ளை, பயிற்சி எங்களுக்கா என்று அவரிடமே கேட்டேன். "ஆமாம், உங்களுக்குத்தான்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், முரட்டுப் பிள்ளைகள் என்று பெயரெடுத்த குழந்தைகளின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று நொடிக்கணக்கில் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டதை இன்றைக்குச் சென்னையில் எந்த வீட்டிலும் பார்க்கலாம். அம்மா "போனைக் கொடு" என்கிறார். குழந்தை சிணுங்குகிறது. அம்மா குரலை உயர்த்துகிறார். குழந்தை கத்துகிறது, காலால் உதைக்கிறது. அடுப்பில் குக்கர், உடம்பில் நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பு, "சரி, அஞ்சு நிமிஷம் வச்சுத் தொலை" என்று விட்டுவிடுகிறார். உடனே அமைதி. குழந்தைக்கு போன் கிடைத்தது எல்லோருக்கும் தெரிகிறது. அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. கத்தல் நின்றது. தொல்லை ஓய்வதும் ஒரு பரிசுதான். எனவே அன்றைக்கு இரண்டு பேருமே பாடம் படித்துவிட்டார்கள். சிணுங்கினால் போதாது, உதைத்தால்தான் கிடைக்கும் என்று குழந்தை படித்தது. விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று அம்மா படித்தார். மறுநாள் இருவரும் அதே இடத்துக்கு இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். அப்பா ஒரு அறை விடுகிறார், குழந்தை சட்டென்று அடங்குகிறது. அந்த ஒரு நிமிட அமைதி அப்பாவுக்குப் பரிசு, அதனால் அடுத்த முறை கை இன்னும் வேகமாக நீளும். நான் அடித்ததற்குக் காரணம் நான் கொடூரமானவன் என்பதில்லை, அந்த நிமிடத்துக்கு அது வேலை செய்தது என்பதுதான். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இந்தக் கணக்குப்படி பார்த்தால் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் வளையம் மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. நாலு வயதுக் குழந்தை தானாக அந்த வளையத்தை அறுக்காது. பெரியவர் பக்கம்தான் ஏதாவது மாற வேண்டும். பயிற்சி பெற்றோருக்கு என்று மருத்துவர் சொன்னதன் காரணம் இதுதான், பழி பெற்றோர்மேல் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

அதே ஓரிகனில் 1960களின் இறுதியில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் ஒரு இரண்டு கட்ட முறையை வகுத்தார். முதல் கட்டத்தில் குழந்தையோடு உறவைச் சரிசெய்வது, இரண்டாம் கட்டத்தில்தான் சொல் பேச்சு கேட்க வைப்பது. இன்று உலகம் முழுக்க நடக்கும் பல பயிற்சிகள் இதன் கிளைகள். ஷீலா ஐபெர்க் உருவாக்கிய முறையில் பெற்றோரும் குழந்தையும் ஒரு அறையில் விளையாட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பயிற்சியாளர் பெற்றோரின் காதுக்குள் இருக்கும் சின்ன ஒலிக்கருவி வழியாக வழிகாட்டுவார். சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் வேறு வழியில் போனார். பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்து, சாதாரண வீடுகளில் நடப்பது போன்ற சின்னச் சின்ன வீடியோக் காட்சிகளைப் போட்டுக்காட்டி, "நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று பேசவைத்தார். தனித்தனியாகச் சிகிச்சை தருவதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சிகிச்சையாளரின் நேரம் பல மடங்கு மிச்சம் என்று 1980களிலேயே அவருடைய ஆய்வு காட்டியது. குழந்தை மனநலத்துக்கு நிபுணர்கள் மிகக் குறைவாக இருக்கும் நம் ஊருக்கு இந்த ஒரு விஷயமே போதும், குழு முறையைப் பற்றி நாம் யோசிக்க.

சரி, எங்கள் வகுப்புக்கு வருகிறேன். புரசைவாக்கம் பக்கம் ஒரு மாடி ஹால், சனிக்கிழமை காலை, பதினோரு பேர், அதில் அப்பா என்று நான் ஒருவன்தான், அதுவும் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறியதால் வந்தவன். முதல் வாரம் நாங்கள் எதிர்பார்த்தது, அடம் பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள் என்றுதான். பயிற்சி கொடுத்த மேடம் அதைத் தொடவே இல்லை. தினமும் பத்து நிமிடம் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள், என்ன விளையாட்டு என்று குழந்தை தீர்மானிக்கட்டும், அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்கக் கூடாது, கட்டளை போடக் கூடாது, குறை சொல்லக் கூடாது என்றார். சுலபமாகத் தெரிகிறது அல்லவா? அன்று மாலை மகள் செப்புச் சாமானை எடுத்து வைத்தாள். நான் வாய் திறந்ததும் வந்தது, "இது என்ன கலர்?" அடுத்தது, "எத்தனை டம்ளர் இருக்கு, எண்ணு பாப்போம்." அடுத்தது, "அதை அங்க வைக்காதே, விழுந்துடும்." மூன்று நிமிடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். விளையாட்டைப் பரீட்சை ஆக்குவது நம் ஊர்ப் பெற்றோருக்கு ரத்தத்திலேயே ஊறிய பழக்கம், எல்கேஜி இன்டர்வியூ அதை இன்னும் மோசமாக்கிவிட்டது. கேள்விக்குப் பதிலாக என்ன பேசுவது என்றால், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்வார்களே, அப்படி. "பாப்பா அடுப்பு வைக்கிறா. சாம்பார் கொதிக்குது. ஓ, அப்பாவுக்கு ஒரு தட்டு." அவ்வளவுதான். நாலாவது நாள் அவளே பாயை இழுத்துப் போட்டு "அப்பா, டைம் ஆச்சு" என்று கூப்பிட்டாள். இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அடம் பிடித்தால் மட்டும் அப்பாவின் முழுக் கவனமும் கிடைக்கும் என்று இருக்கும் வீட்டில், அந்தக் கவனத்தை எடுத்துவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. முதலில் நல்ல நேரத்துக் கவனத்தைக் கொட்டி வைத்தால்தான், பிறகு கெட்ட நேரத்துக் கவனத்தைக் குறைத்தால் அதற்குப் பொருள் இருக்கும்.

பாராட்டுவதில் எங்கள் குழுவுக்கு ஒரு தடை வந்தது. பாதிப் பேர், "முகத்துக்கு நேரே புகழ்ந்தா கண்ணு பட்டுடும் மேடம்" என்றார்கள். மேடம் அதை மறுத்துப் பேசவில்லை. பிள்ளையைப் புகழ வேண்டாம், செய்த காரியத்தைச் சொல்லுங்கள் போதும் என்றார். "என் தங்கம், என் ராஜா" என்பதைவிட "செருப்பை ஓரமா வச்சிட்டியே, நல்லாருக்கு" என்பது குழந்தைக்கு எது சரி என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகிறது. கண்ணும் படாது. மற்ற நாடுகளின் பயிற்சிகளிலும் இதே விதிதான், எதற்காகப் பாராட்டுகிறோம் என்று பெயர் சொல்லிப் பாராட்டுவது.

கட்டளையில் நம் மொழிக்கே உள்ள ஒரு சிக்கலையும் அங்கேதான் கவனித்தேன். ஒரு நாள் முழுக்க நாம் பிள்ளையிடம் பேசுவதை எழுதிப் பார்த்தால் ஓடாதே, தொடாதே, கத்தாதே, சிந்தாதே என்று எல்லாம் "ஆதே"யில் முடியும். எதைச் செய்யக் கூடாது என்பது தெரிகிறது, எதைச் செய்ய வேண்டும் என்பது வரவில்லை. அப்புறம், "குளிக்கிறியா இல்லையா?" என்று கேள்வியாகக் கேட்போம், குழந்தை "இல்ல" என்று நேர்மையாகப் பதில் சொன்னால் கோபம் வரும். பயிற்சி சொல்வது, பக்கத்தில் போய், பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையை, செய்ய வேண்டியதாகச் சொல்லி, ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. "மெதுவா நட." "டம்ளரை ரெண்டு கையால பிடி." சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பத்து தடவை கத்துவது கணக்கில் வராது.

இதற்குப் பிறகுதான் அடம் வருகிறது. ஆபத்தில்லாத சிணுங்கலையும் கத்தலையும் கண்டுகொள்ளாமல் இருப்பது, நின்ற மறு நொடியே திரும்பிப் பேசுவது. கேட்க எளிது, செய்யும்போது உயிர் போகும், ஏனென்றால் கவனம் நின்றவுடன் குழந்தை முதலில் குறைக்காது, கூட்டும். நேற்று வரை பத்து நிமிடக் கத்தலில் கிடைத்தது இன்று கிடைக்கவில்லையென்றால் இருபது நிமிடம் கத்திப் பார்க்கும், அது அறிவுள்ள பிள்ளை செய்கிற காரியம்தான். இந்த ஏற்றத்தை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பெற்றோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ "இதெல்லாம் நம்ம பிள்ளைக்கு ஆகாது" என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள், அப்போது குழந்தை கற்றது இருபது நிமிடக் கத்தலை. எப்போதாவது ஒருமுறை விட்டுக்கொடுப்பது எப்போதும் விட்டுக்கொடுப்பதைவிட ஆபத்து. 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்படுவதற்கு முன், சீட்டு வாங்கியே வீட்டை அழித்தவர்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். தினமும் விழுந்து திடீரென்று ஒரு நாள் நின்றிருந்தால் அவர்களும் கைவிட்டிருப்பார்கள். எப்போதோ ஒன்று விழுந்ததுதான் அவர்களை விடாமல் பிடித்து வைத்தது. வீட்டில் அம்மா மறுத்ததைப் பாட்டி முந்தானையில் மறைத்துக் கொடுக்கும்போது நடப்பதும் இதுதான், அதனால் பயிற்சிக்கு வரவேண்டியது பாட்டியும்கூட.

அடிப்பது, கடிப்பது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அதற்கு டைம் அவுட். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு, நாலு வயதுக்கு நாலு நிமிடம். பாத்ரூமில் போட்டுப் பூட்டுவதற்கும் பூச்சாண்டியைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெற்றோர் கண் பார்வையிலேயே, சுவாரசியமில்லாத ஒரு இடத்தில், பேச்சுமின்றித் திட்டுமின்றிக் கொஞ்ச நேரம் உட்காரவைப்பது, முடிந்ததும் பழையபடி இருப்பது. ஒற்றை அறை வீட்டில் எங்கே உட்காரவைப்பது என்று கண்ணகி நகரிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார். கோணி மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மணை போதும் என்று முடிவானது. அந்த யோசனையைச் சொன்னது மேடம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா.

குழுவின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஐந்தாவது வாரம், கடைக்குப் போகும் ஒத்திகை. வியாசர்பாடியிலிருந்து பேரனுக்காக வந்த ஒரு ஆயா பெற்றோர், மேடம் குழந்தை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் பில் போடும் இடம், அதன்மேல் சாக்பீஸ் டப்பா, அதுதான் கின்டர் ஜாய். மேடம் "வேணும்... வேணும்..." என்று ஆரம்பித்து, தரையில் விழுந்து, உண்மையாகவே காலை உதைத்து அழுதார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. கை தானாக மேலே போய்விட்டது. அப்படியே நின்று, ஓங்கிய தன் கையைத் தானே பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. "எனக்கே தெரியல, எப்படிப் போச்சுன்னு" என்றார் மெதுவாக. திரும்பச் செய்தார்கள். இந்த முறை ஆயா கடைக்குள் நுழையுமுன்பே குனிந்து, "இன்னிக்கு பால் பாக்கெட்டும் கொத்தமல்லியும் மட்டும்தான். கொத்தமல்லிய நீதான் புடிச்சுக்கணும்" என்றார். மேடம் மறுபடி விழுந்து அழுதார், ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டு சில்லறை எண்ணினார், விரல் நடுங்கியது. மூன்றாவது முறை நடுங்கவில்லை. அன்றைக்கு அந்த ஹாலில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஓங்கிய கை தங்களுக்கும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மதிய உணவு டப்பாவைத் திறந்தபோது ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது என் உணர்ச்சி மட்டும் இல்லை. பெற்றோர் பயிற்சிகளில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்று 77 ஆய்வுகளைச் சேர்த்து 2008ல் வெளியான ஒரு அலசல், பெரிய பலனோடு சேர்ந்து வந்தவை என்று சிலவற்றைத்தான் குறிப்பிட்டது. பெற்றோர் பிள்ளை இடையே இனிமையான நேரத்தைக் கூட்டுவது, உணர்வுகளைப் பேசப் பழகுவது, டைம் அவுட்டைச் சரியாகச் செய்வது, சொன்னதில் மாறாமல் இருப்பது, இவற்றோடு, பயிற்சி நடக்கும்போதே பெற்றோர் தங்கள் சொந்தக் குழந்தையோடு செய்து பழகுவது. எங்கள் வகுப்பில் கடைசி இரண்டு வாரம் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொன்னது அதற்காகத்தான். 2012ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு 13 பரிசோதனைகளைப் பார்த்து, குழுப் பயிற்சியால் குழந்தைகளின் முரட்டு நடத்தை குறைகிறது, பெற்றோரின் மனநிலையும் தேறுகிறது என்று சொன்னது. பல வருடங்களுக்குப் பிறகும் பலன் நிற்குமா என்பதை அந்த ஆய்வுகளை வைத்து உறுதி செய்ய முடியவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2013லிருந்து 3 முதல் 11 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு 10 முதல் 16 கூட்டங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று பரிந்துரைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019ல், ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்சினை என்று கண்டறியப்பட்ட, இன்னும் ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்பாகப் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் கொடுக்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2023ல், பூஜ்யம் முதல் 17 வயது வரை பெற்றோர்களுக்கான இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பரிந்துரைத்து வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

அடியாத மாடு படியாது என்ற பழமொழி எங்கள் வகுப்பில் முதல் வாரமே வந்துவிட்டது. திறந்த கையால் பிள்ளையை அடிக்கும் சாதாரண அடியைப் பற்றி 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து 2016ல் வெளியான அலசலில், அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சிக்கல்களும் கூடுதலாக இருப்பது தெரிந்தது, நல்ல பலன் எதுவும் தெரியவில்லை. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டுக்குள் அப்படி ஒரு தடை இல்லை, ஸ்வீடன் 1979லேயே அதைச் செய்துவிட்டது. சட்டம் வரட்டும், வராமல் போகட்டும், கையை ஓங்கும் அந்த நொடியில் செய்வதற்கு வேறொன்று கைவசம் இல்லாத பெற்றோரிடம் "அடிக்காதே" என்று மட்டும் சொல்வது, பிள்ளையிடம் "ஓடாதே" என்று சொல்வதைப் போலத்தான்.

எல்லா அடத்துக்கும் இதுதான் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தை தேவையைச் சொல்லத் தெரியாமல் கத்தலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரியான அரசு மருத்துவமனைகளில் பரிசோதிக்கலாம், பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே 9 குழுக் கூட்டங்களும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட தனிப் பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. வீட்டில் அம்மாவே அடி வாங்கிக்கொண்டிருந்தால், அல்லது மாதக்கணக்கில் தூங்காமல் அழுதுகொண்டிருந்தால், பிள்ளையைப் பாராட்டும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுப்பது நியாயமே இல்லை, அவருக்குத்தான் முதலில் உதவி வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

என் மகள் கடிப்பதை நிறுத்திவிட்டாள். எறிவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அடம் இருக்கிறது, நாலு வயதுக்கு அது இருக்கத்தான் வேண்டும்.

இப்படி ஒரு குழுவில் சேர நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள், வகுப்பில் ஒத்திகை உண்டா, அல்லது திரையில் படம் காட்டிப் பேசிவிட்டு அனுப்புவார்களா? இரண்டாவது என்றால் அது நம் குடியிருப்பிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு நாள் கூட்டமாக இருந்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், வாரம் ஒரு விஷயத்தை வீட்டில் செய்து பார்த்துவிட்டு மறு வாரம் வந்து "இது நடக்கல" என்று சொல்வதற்குத்தான் அத்தனை வாரங்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு உள்ளபடியே ஆசை, இது அங்கன்வாடிகளில் நடக்க வேண்டும் என்பதுதான். 1975லிருந்து அந்தந்தத் தெருக் குழந்தைகளையும் தாய்மார்களையும் தெரிந்த இடம் அது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், பாயும் பொம்மையும்கூட இருக்கிறது. நேரத்தை மட்டும் யோசித்து வைக்க வேண்டும். எங்கள் குழுவில் மூன்றாவது வாரத்தோடு இரண்டு அம்மாக்கள் நின்றுபோனார்கள். ஒருவருக்குக் கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லை, இன்னொருவருக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. பக்கத்து அறையில் ஒரு ஆயம்மா இருந்திருந்தால் முதலாமவர் வந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தால் மற்றவரும் வந்திருப்பார், அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.